நூல் அறுந்த கட்டுகள்

திருத்தணி
12.2.2004

அன்புள்ள பாவாவுக்கு, உங்கள் மச்சான் எல்லப்பன் எழுதுவது. இங்கே நானும் கடையும் மலையும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். நீங்கள் வில்லிவாக்கத்தில் மகன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, போகிற தண்ணீர் லாரியை எல்லாம் அதட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த மறுநாளே, இனி எனக்கு என்ன வேலை என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அதுவும் புதுப்பெண் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு சும்மாதான் கிடந்தது. இப்போது புவனா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். நெசவாளிகளுக்கு நாம் நூல் கொடுத்த பழைய சீட்டை எல்லாம் கண்ணாடிமேல் வைத்துப் படம் எடுத்து, பேர் போட்டு உள்ளே வைக்கிறாள். பேரைத் தட்டினால் சீட்டு வந்து நிற்கிறது. என் பேரைத் தட்டச் சொன்னேன். அக்கா கையெழுத்தில், ‘எல்லப்பனுக்கு முறுக்கு, இரண்டு ரூபாய்’ என்று வந்தது. தம்பி தின்ற முறுக்கைக்கூடக் கடைக் கணக்கில் எழுதியிருக்கிறாள். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நானும் ஒரு கை கொடுத்தேன். ஊருக்கு ஒரு நிறம் என்று பாவு நூலால் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்திருந்தீர்களே, அத்தனை நூலையும் கத்தரித்து, சீட்டுகளை ஒரே குவியலாகக் கொட்டினேன். புவனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“சீட்டுல ஊர் பேரே இல்லீங்கண்ணா. பச்சையப்பன்னே மூணு பேர் கீறாங்க. எல்லாத்தையும் அறுத்துகினு வந்து நிக்கிறீங்களே.”

மூன்று பச்சையப்பன் சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். யார் எந்த ஊர் என்று பின்னால் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கத்தரிக்கோலும் கையுமாக,
எல்லப்பன்


வில்லிவாக்கம்
20.2.2004

எல்லப்பனுக்கு, நலம். சீட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கம்ப்யூட்டரை வாங்கியவன் நீ, அதையே கேள்.

பரசுராமன்


திருத்தணி
25.2.2004

அன்புள்ள பாவாவுக்கு, கோபத்தைக்கூட இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே. பேனாவில் மை இல்லையா?

கரண்ட் போன நேரத்திலும் அலமாரியில் கையை விட்டுச் சரியான கட்டை உருவுவீர்கள். வியாபாரிகள் வாயைப் பிளப்பார்கள், நான் என்னவோ நானே எடுத்த மாதிரி நிமிர்ந்து உட்காருவேன். மூன்றே மூன்று சீட்டு, பாவா. உங்களுக்கு இது ஒரு வேலையா?

எல்லப்பன்


வில்லிவாக்கம்
8.3.2004

அன்புள்ள எல்லப்பா,

இதைக் கிழித்துவிடு. நான் ஊர் எழுதாமல் திருப்பி அனுப்பியது கோபத்தால் அல்ல. மூன்று சீட்டையும் நான்கு நாள் வைத்துப் பார்த்தேன். யார் எந்த ஊர் என்று தெரியவில்லை.

தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. பச்சை நூலைக் கையில் வைத்துக்கொண்டு, இது பள்ளிப்பட்டா அம்மையார்குப்பமா என்று நின்றிருக்கிறேன். தோன்றிய கட்டுக்குள் சீட்டைச் செருகினேன். நீ அறுத்துக் கலந்ததாக வருத்தப்படாதே. அவை முன்பே கலந்துபோனவை. கம்ப்யூட்டர் வந்தது எனக்கு ஒரு சாக்காக அமைந்தது. உன் எதிரில் தடுமாறி நிற்பதைவிட, கோபக்காரன் என்று பேர் வாங்கிப் போனால் போதும் என்று இருந்தது.

மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. உன் அக்கா இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

பரசுராமன்


திருத்தணி
11.3.2004

அன்புள்ள பாவாவுக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். புவனாவிடம்கூடக் காட்டவில்லை.

மூன்று சீட்டையும் எடுத்துக்கொண்டு பச்சையப்பன்கள் இருக்கிற மூன்று ஊருக்கும் வண்டியில் போய்வந்தேன். ஆளுக்கு ஒன்றாக அடையாளம் சொல்லிவிட்டார்கள். பள்ளிப்பட்டுக்காரர் மட்டும், “அவரை உட்டுட்டு சீட்டை மட்டும் எடுத்துகினு வந்தியா?” என்று கேட்டார். அடுத்த தடவை அவரோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மீதியையும் இப்படியே கேட்டுக் கேட்டுப் போட்டுவிடுவோம். ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையை இனிமேல் அந்தப் பெட்டி பார்க்கட்டும். நீங்கள் வந்து கடையில் உட்காருங்கள். பேச்சை எனக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும், நிறுத்த ஆள் வேண்டும். மகனுக்கு மெதுவாக நானே சொல்கிறேன்.

நான் வந்து கூட்டிப்போனால் உங்களுக்குப் பிடிக்காது. தனியாகவே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை திருத்தணி லோக்கலில் ஏறுங்கள். எங்கே இறங்குவது என்று யோசிக்கவே வேண்டாம். அந்த வண்டி இதற்குமேல் போகாது. எல்லோரும் இறங்குவார்கள், நீங்களும் இறங்குங்கள். பிளாட்பாரத்தில் நான் நிற்பேன்.

எல்லப்பன்