பொட்டு வைத்துப் பார்த்த காய்ச்சல்

நேற்று மலையடிவாரக் கடையில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். அட்டையைப் பிரித்ததும் அந்தப் பசை வாசம் வந்தது. "வேற இன்னா வேணும்?" என்று கடைக்காரப் பெண் இரண்டு முறை கேட்டாள்.

கொரோனா இரண்டாம் அலையில் கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. நம் சுகாதார அலுவலகச் சுவரில் வட்டார வரைபடத்தை ஒட்டிவிட்டு, எதை வைத்துக் குறிப்பது என்று நான் விழித்தபோது, நீதான் கைப்பையிலிருந்து பொட்டு அட்டைகளை எடுத்தாய். ஊரடங்குக்கு முந்தைய வாரத்துக் காய்ச்சலுக்குப் பச்சை, அடுத்த வாரத்துக்கு மஞ்சள், அதன் பிறகு சிவப்பு. நீ ஊர் ஊராகப் போகும் செவிலி. நான் கணினி முன் உட்காருகிறவள். மாலையில் நீ வந்து தெருப் பெயர்களைச் சொல்வாய், நான் ஒட்டுவேன். ஆளுக்கொரு மூலையில் நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவோம். அவ்வளவு பேச்சு என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பச்சைப் பொட்டுகள் பொதட்டூர்பேட்டையில் தொடங்கி, தறி வீடுகளுக்கு நூல் போகும் வழியிலேயே பள்ளிப்பட்டுப் பக்கம் நகர்ந்திருந்தன.

"நூலோடவே போய்கினு இருக்குது பா," என்றாய் நீ.

ஊரில் பேச்சு வேறாக இருந்தது. எல்லாம் ஆந்திராவிலிருந்து வந்தது என்றார்கள். எல்லையோரத் தெரு ஒன்றில், பிரசவத்துக்கு ஆந்திராவிலுள்ள தாய்வீடு போய்விட்டுக் கைக்குழந்தையோடு திரும்பிய மருமகளைத் தறிக்கொட்டகையில் தனியே வைத்துவிட்டார்கள். தெருக்குழாயில் அந்த வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கத் தெருக்காரர்கள் விடவில்லை. நீ அதைச் சொன்ன அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. மறுநாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு, "நீயும் வா," என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டாய்.

குழாயடியில் படத்தை விரித்துப் பிடித்தோம். அதில் ஆள் பெயர் இல்லை, தெருக்களும் பொட்டுகளும்தான்.

"இது உங்க தெரு. இதோ பச்சப் பொட்டு. ஊரடங்குக்கு முன்னாடியே இங்க காய்ச்சல் வந்துடுச்சு. அந்தப் பொண்ணு வந்தது சிவப்பு வாரத்துல. அப்போ அவ எப்படிக் கொண்டாந்திருப்பா?" என்று கேட்டாய்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அப்போ அந்தப் பச்ச யாருங்க?"

"அதச் சொல்ல மாட்டேங்க. சொன்னா நாளைக்கு அவங்க வூட்டுக்கும் தண்ணிய நிறுத்துவீங்க."

அந்தப் பெண்ணின் மாமனார் படத்தின் அருகே வந்து, அவர்கள் தெருவின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு குடத்தை எடுத்துக் குழாயின் கீழ் வைத்தார். யாரும் தடுக்கவில்லை. நீ கொட்டகைக்குள் போய்க் குழந்தைக்கு உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தாய். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

அலை அடங்குவதற்குள் நீயும் அதே காய்ச்சலில் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. அலுவலகத்தில் ஒவ்வொருவரும் கேட்டார்கள்: "யாராண்டேர்ந்து வந்துச்சாம்?" தேதிகளைப் பின்னோக்கிப் பார்த்தால் ஏதோ ஒரு தெரு தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. உன் வீட்டின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். அதன் பிறகு மாலைகளில் வந்து தெருப் பெயர் சொல்ல ஆளில்லை. பட்டியல் கணினியிலேயே வந்துவிடும். இப்போது படமும் திரையில்தான். வாரங்கள் தானாக நிறம் மாறுகின்றன. பக்கத்து மேசைப் பிள்ளைகள் நல்லவர்கள். வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். "வீட்டுக்குப் போகலியா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

நீ போன பிறகு நானும் களத்துக்குப் போகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. போன வாரம் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் டெங்குப் புள்ளிகள் நெருங்கி விழுந்தன. பேருந்தில் போய் இறங்கினேன். முதல் வீட்டிலேயே பேச்சு தொடங்கிவிட்டது.

"கோடி வூட்டுக்காரங்கதான் மேடம் கொண்டாந்தாங்க. நாங்க யாரும் அவங்களாண்ட போறதில்ல."

"கொசு கடிச்சு வர்றதும்மா. பேசினா வராது," என்றேன்.

அந்த வீட்டுப் பெண் தலையாட்டினாள். ஆனால் கூட வரவில்லை. தன் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"உங்க கூட யாரும் வரலியா மேடம்?"

"இல்லம்மா, நான் மட்டும்தான்."

கோடி வீடு வரைக்கும் நடந்து, சாத்தியிருந்த கதவைத் தட்டினேன். திறந்ததும் வாசலோடு நிற்காமல் உள்ளே போய், படுத்திருந்த பிள்ளையின் நெற்றியில் கை வைத்தேன்.