இரண்டாம் அடிக்குப் பின்

மார்ச் 4

என் கோபக்காரிக்கு,

நலமா? உன் அக்கா வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். துடைக்க ஆளில்லாமல் அடுப்பு என்னைப் போலவே கறுத்துக் கிடக்கிறது.

நம் நாட்டுப்பாட்டுக் குழுவின் ஆல்பம் ஒருவழியாக முடியப்போகிறது. உன் இடத்தில் பாட ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். குருவி என்று கூப்பிடுகிறோம். நல்ல குரல், பொய் சொல்ல மாட்டேன். ஓடப்பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் அடி முடிந்ததும் நீ நின்று மூச்சு வாங்குவாயே, அந்த இடத்தில் என் கை தானாக மேளத்தை அமுக்கி நின்றுவிடுகிறது. குருவியோ நிற்காமல் போகிறாள். ஒலிப்பதிவுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு, "யாருக்காகண்ணே நிக்கிறீங்க?" என்றார். உன் தம்பி புல்லாங்குழலைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

உனக்காகத்தான் நிற்கிறேன். வந்துவிடேன்.

உன் அவசரக்காரன்

மார்ச் 13

என் அவசரக்காரருக்கு,

நலம். அக்காவின் தையல் கடையில் பட்டன் தைக்கிறேன். அடுப்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும், அதற்குப் பாட்டுக்காரி வேண்டாம்.

எனக்கா மூச்சு வாங்கியது? இரண்டாம் அடி வந்தாலே நீங்கள் கால் தரையில் படாமல் ஓடுவீர்கள். உங்களை இழுத்துப் பிடிக்கத்தான் நான் நிறுத்தினேன். இத்தனை வருஷமாக இது தெரியாமலா மேளம் அடித்தீர்கள்? நல்ல ஆள்!

காய்ச்சலில் எனக்குத் தொண்டை கட்டியிருந்த அன்று ஒத்திகையில் குழுத் தலைவர், "இனிமே இவங்க குரல் தேறாது, வேற ஆளப் பாப்போம்" என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் குனிந்து மேளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் சொன்னதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை.

இப்போது தொண்டை சரியாகிவிட்டது. ஆனாலும் குருவியே பாடட்டும், பிழைக்க வந்த பிள்ளை. அந்த இடத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். "இது அவ நிறுத்துற எடம், இப்படியே இருக்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் ஒரு தடவை சொல்லுங்கள். ஆல்பத்தில் அதைக் கேட்ட அன்றே பஸ் ஏறிவிடுவேன். பையில் துணிகூட அடுக்கிவிட்டேன். அக்கா கேலி செய்கிறாள்.

உங்கள் கோபக்காரி

மார்ச் 30

என் கோபக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அலமாரியில் உன் பக்கத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஆல்பம் வெளிவந்துவிட்டது. சி.டி. அனுப்பியிருக்கிறேன். ஓடப்பாட்டைக் கோபப்படாமல் கேள். நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பி நின்றார்கள், தலைவர் வேறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவுக்காரர் அந்த இடத்தை வெட்டி ஒட்டிவிட்டார். ஒரு பாட்டுதானே? எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது. நிலையத்துக்கு வருகிறேன்.

உன் அவசரக்காரன்

ஏப்ரல் 9

மேளக்காரருக்கு,

சி.டி. வந்தது. மதியம் கடையில் மெஷின்கள் ஓய்ந்திருந்தபோது போட்டுக் கேட்டேன். குருவி நன்றாகப் பாடியிருக்கிறாள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அட்டைப் படத்தில் நீங்கள் மெலிந்து தெரிகிறீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஒட்டுப் போட்டது தெரியவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அக்கா கேட்டதற்கு ஊசி குத்திவிட்டது என்றேன்.

மிச்சமிருக்கும் என் துணிமணிகளைத் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். நிலையத்துக்கு வரவேண்டாம்.

அழுது முடித்து, ஓடப்பாட்டை இன்னொரு தடவை போட்டு நானும் கூடவே பாடினேன். குரல் நன்றாகத்தான் வந்தது. இரண்டாம் அடி முடிந்ததும் பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். நான் மூச்சை இழுப்பதற்குள் நீங்கள் எல்லாரும் அடுத்த அடிக்குப் போய்விட்டீர்கள்.

இப்படிக்கு,
குழலூதுகிறவனின் அக்கா