இன்னா சொன்னா அவுட்

ஞாயிறு, இரவு.

பாகூர் பள்ளித் தோழிகள் எட்டுப் பேரும் இன்று வீடியோ காலில் கூடினோம். வாராவாரம் விளையாட்டை யோசிப்பது நான்தான். இன்றைய விதி: ‘இன்னா’ என்று யார் சொன்னாலும் அவுட், உடனே காலிலிருந்து நீக்கிவிடுவேன். ‘என்ன’ என்பதே வராத எங்கள் ஊர் வாய் எத்தனை நிமிடம் தாங்கும்? ஒரே சிரிப்பு.

ஏம்பலத்துக்கு வாழ்க்கைப்பட்ட வசந்தி மட்டும் பேசவே இல்லை. “ஏதாவது சொல்லுடி” என்று நான்தான் சீண்டினேன்.

“இன்னாத்தடி சொல்றது? இந்த வூட்ல என்னால...”

“அவுட்! அவுட்!” என்று எல்லோரும் கத்தினோம். நான் அவளை நீக்கினேன்.

அவள் கண் கலங்கியிருந்தது அப்புறம்தான் உறைத்தது. நான்கு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. “இன்னாச்சுடி?” என்று மெசேஜ் அனுப்பினேன்.

“நீயும் அவுட்டுடி” என்று பதில் வந்தது. அதன்பிறகு அவள் போன் ஸ்விட்ச் ஆஃப்.