ஆளுக்கொரு கிளை

டவுன்ஸ்வில்
பிப்ரவரி 9

அன்புள்ள டெஸ்,

இன்று காலை எழுந்ததும் கெட்டிலைக்கூடப் போடாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு உன் கடல்மீன் தொட்டியின் முன் மண்டியிட்டேன். சுத்தியல் பவளம் நேற்றைவிட மோசம். விளக்கு வந்ததும் ஒவ்வொரு கிளையும் விரல்களை நீட்டி, நுனியிலிருக்கும் குட்டிச் சுத்தியல்களை ஆட்டிக்கொண்டிருக்குமே, இப்போது பாதிக் கிளைகள் திறப்பதே இல்லை. பச்சை போய் வெளிறிவிட்டது. வலது ஓரத்தில் சதை கீழிறங்கி எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது.

நீ எழுதி ஒட்டிவிட்டுப் போனபடியேதான் எல்லாம் செய்கிறேன். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறேன். ஆறு கலங்கி ஓடுவதால் கடல்நீர் எடுக்க முடியவில்லை, உப்புக் கலந்து ஊற்றுகிறேன். அழுக்குப் பண்ணும் என்று நீ சொன்ன மீன்களை நீ கிளம்பிய வாரமே மீன்தொட்டிச் சங்கத்து வின்ஸிடம் கொடுத்தாயிற்று. அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் கோப்பையில் இப்போது நுரையே சேர்வதில்லை. கழுவும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை தண்ணீர் வாளியோடு சலவையறைப் படியில் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டில் விரிசல். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போட்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் திட்டம் எழுத ஒரு கை போதும்.

நீ திரும்பி வரலாமா என்பதற்கு மழைக்காலம் முடிவதற்குள் பதில் சொல்வதாகச் சொன்னேன். மறக்கவில்லை. முதலில் இது பிழைக்கட்டும்.

அன்புடன்,
நரெல்

நார்மன்டன் பக்கம், பண்ணை
பிப்ரவரி 27

நரெலுக்கு,

ஓடுபாதை காய்ந்து நேற்றுதான் தபால் விமானம் இறங்கியது. இது போகும்போது கொடுத்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

வெளிறுகிறது என்றால் தண்ணீரில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை மாற்று. ஸ்கிம்மரை நிறுத்தவே நிறுத்தாதே. வடிகட்டியில் கரிப் பையைப் புதிதாகப் போடு. தண்ணீர் சுத்தமாக இருந்தால் அது தானே தேறிவிடும். இருபது லிட்டர் வாளியைத் தூக்காதே, பத்து லிட்டராக இரண்டு எடு.

ரம்பத்தை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதே. வெட்டிக் காப்பாற்றலாம் என்று வின்ஸ் வருவான். எதையாவது வெட்டினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நாம் வீடு வாங்கிய வருஷம் இரண்டு கிளையாக வந்தது அது. சங்கத்தில் எத்தனை பேர் கேட்டும் ஒரு துண்டு நான் கொடுத்ததில்லை.

இங்கே சமையல்காரன் சொல்லாமல் கிளம்பிவிட்டான். ஆறு பேருக்கும் இப்போது நான்தான் சமைக்கிறேன். சிரிக்காதே. யாரும் இன்னும் திட்டவில்லை.

வலது ஓரக் கிளைகள் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுது.

டெஸ்

டவுன்ஸ்வில்
மார்ச் 16

அன்புள்ள டெஸ்,

நேற்று வெட்டிவிட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதைப் படி.

நீ சொன்னபடி வாரம் இரண்டு முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே சுருங்கியது. கடைசியில் வின்ஸைக் கூப்பிட்டேன். மனைவி கார்மெல் கொடுத்தனுப்பிய லசான்யாவை ஒரு கையிலும் சோதனைப் பெட்டியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வந்தான். குப்பிகளில் நிறமே ஏறவில்லை. நைட்ரேட்டும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவன் குப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏம்மா நரெல், இந்தத் தண்ணில ஒண்ணுமே இல்லியே. கழுவிக் கழுவியே பட்டினி போட்டுருக்கீங்க ரெண்டு பேரும்."

மீன் தின்று கழிப்பதில்தான் பவளத்துக்கும் பங்கு இருந்திருக்கிறது. மீனை அனுப்பினோம், மிச்சத்தையும் நான் வடிகட்டி எடுத்துவிட்டேன். சாப்பிடாதவர்களைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அது உனக்கும் தெரியும். வின்ஸ் விடவில்லை. "டெஸ்ஸுக்கு மீன் பிடிக்காதுன்னு இல்ல. மீன் பசிச்சா மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். பவளம் பாவம், வாயத் தொறக்காது. அதான் அவனுக்கு ஒத்துப்போச்சு." சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

மஞ்சள் மீன் இரண்டையும் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தான். ஸ்கிம்மரைப் பாதி நேரம் அணைக்கிறேன். இறாலைப் பொடியாக நறுக்கிக் குழாயால் ஒவ்வொரு வாய்க்கும் ஊட்டுகிறேன். இடது பக்கம் கொஞ்சம் திறக்க ஆரம்பித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வலது ஓரத்துக் கிளை ஒன்றில் பழுப்புக் கூழ் படிந்துவிட்டது. அந்த நாற்றம் உனக்குத் தெரியும். கிளையிலிருந்து கிளைக்குத் தாவும் என்பதும் தெரியும். உன் பதிலுக்குக் காத்திருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

துணி துவைக்கும் தொட்டியின் மேல் வைத்து நான்தான் அறுத்தேன். வின்ஸ் பிடித்துக்கொண்டான். எலும்பில் ரம்பம் போகும் சத்தம் பல் டாக்டரிடம் கேட்பது போலத்தான் இருந்தது. அழுகியதைத் தூக்கிப்போட்டோம். நல்லதாகத் தேறிய எட்டுக் கிளைகளையும் அயோடினில் முக்கினோம். சங்க வழக்கப்படி வின்ஸுக்கு ஒன்று, செயலாளர் அம்மாவுக்கு ஒன்று. ஆறு இங்கே இருக்கின்றன. எந்த வீட்டில் செத்தாலும் இன்னொரு வீட்டிலிருந்து ஒரு துண்டு வரும். நாம் கொடுத்ததே இல்லை என்பதால் நமக்குத் தர யாரிடமும் இதுவரை எதுவும் இல்லாமல் இருந்தது.

கோபப்படுவாய். பரவாயில்லை.

நரெல்

பண்ணை
ஏப்ரல் 11

நரெலுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். பதினைந்து வருஷம் முழுசாக இருந்தது. நான் இருந்திருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். எந்த வழி என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை.

மீன் விஷயத்தில் தப்பு என்னுடையது. உனக்கு வேலை குறையட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

வெள்ளம் வடிந்து பாதை திறந்ததும் ஜூன் முதல் வாரம் கிளம்புகிறேன். வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன், சாமான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிடுவேன். நான் திரும்பி வருவது பற்றி நீ பதில் எதுவும் எழுதவில்லை, அதனால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கொடுத்த இரண்டு கிளைகளையும் வின்ஸிடம் சொல்லித் திரும்ப வாங்கி வை. வந்ததும் எல்லாவற்றையும் பழைய பாறையில் சேர்த்து ஒட்டிவிடலாம். ஒரு வருஷத்தில் வெட்டினது தெரியாமல் மூடிவிடும்.

டெஸ்

கேட்க விட்டுப்போயிற்று. மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

டவுன்ஸ்வில்
மே 31

அன்புள்ள டெஸ்,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. விமானம் வருவதற்குள் நீ கிளம்பியிருப்பாய். நீ வந்ததும் கையில் கொடுப்பேன்.

மணிக்கட்டுக் கட்டை மார்ச்சிலேயே அவிழ்த்துவிட்டார்கள். குளிர் காலையில் மட்டும் லேசாகக் குடைகிறது. நீ கேட்டதைப் பலமுறை எடுத்துப் படித்தேன். பிப்ரவரியில் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று யோசித்தேன். இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் நீ கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு கிளைகளும் பிழைத்துவிட்டன. நிறம் திரும்பிவிட்டது. இரண்டு கிளைகளில் பக்கத்தில் புதுத் தலை முளைத்து, மிளகு அளவில் நிற்கிறது. மீன்கள் கண்ணாடியை அழுக்காக்குகின்றன. தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது. நானும் வேலையிலிருந்து வந்ததும் எனக்கென்று ஏதாவது சமைக்கிறேன். நீ போன பிறகு பல மாதம் ரொட்டியை வாட்டித் தின்றே ஓட்டியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

நீ கெட்டவன் இல்லை, டெஸ். இந்த வீட்டில் நாம் இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். மிகச் சுத்தமாகக் கற்றுக்கொண்டோம். பண்ணையில் ஆறு பேருக்குச் சமைக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அங்கே மேஜையில் சத்தம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கும் அது தேவையாகத்தான் இருந்திருக்கிறது.

கொடுத்த கிளைகளை நான் திரும்பக் கேட்கவில்லை. கொடுத்ததைக் கேட்பது வழக்கமில்லை. ஒட்டவும் வேண்டாம்.

வின்ஸிடமிருந்து மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். சங்கத்து வேலைக்கு என்று நினைத்துக் கொடுத்தான். நீ வரும் அன்று மூன்று கிளைகளைப் பையில் போட்டு, தண்ணீரும் காற்றும் அடைத்து, அதில் வைப்பேன். புது முளை விட்டிருப்பதில் ஒன்று அதில் இருக்கும். வண்டியிலிருந்து சாமான் இறக்க வேண்டாம். உள்ளே வா, தேநீர் குடி, தொட்டியைப் பார். பிறகு உன் பங்கை எடுத்துக்கொண்டு போய், நீ குடியேறும் இடத்தில் ஒரு தொட்டி வை. மீனோடு வை.

உன்னுடையது செத்தால் வந்து கேள், ஒரு கிளை தருவேன். என்னுடையது செத்தால் உன்னிடம் வந்து கேட்பேன். இதுதான் என் பதில். வின்ஸுக்குத் தெரியாது, கார்மெலுக்குத் தெரியாது. பெட்டி சலவையறை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

நரெல்