அதே சிவப்பு

யாழினி அப்பாவுக்கு,

நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். பதினெட்டு வருடங்களுக்கு முன்பு ஷோரூமில் நீங்கள் ஆசையாகச் சுற்றிச் சுற்றி வந்தீர்களே, "குழந்தை இருக்கிற வீட்டுக்கு ரேஸ் வண்டியா?" என்று நான் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேனே, அதே மாடல். அதே சிவப்பு. இப்போது பழைய வண்டி.

என் சந்தேகப் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காராக இருந்துவிட்டால்? தாம்பரம் மெக்கானிக் முனீரைக் கூட்டிப்போனேன்.

"சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க மேடம். தண்ணி குடிச்ச வண்டின்னா உள்ள இருக்கிற சேறு காட்டிக் குடுத்துடும்."

எல்லா பெல்ட்டையும் இழுத்தேன். சுத்தமாக இருந்தன.

"டெய்லி காலேஜுக்குப் பாடம் எடுக்கப் போறது இதுலயா? பெட்ரோல் பங்க்ல உங்களுக்கு மாலை போடுவாங்க!" என்று சிரித்தார்.

சிட்லபாக்கத்தில் நம் தெருவை மறுபடி உயர்த்திவிட்டார்கள். வாசல் சரிவில் தினமும் வண்டியின் அடி உரசுகிறது. ஆனால் நேற்று வண்டலூர் தாண்டிச் சாலை காலியாக இருந்தபோது அழுத்தினேன். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அன்றைக்கு நீங்கள் ஆசைப்பட்டது இதற்குத்தானா? வேண்டாம் என்றேனே தவிர, ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

நீங்கள் கூடுவாஞ்சேரிக்குத் தனியாகக் குடிபோன இந்த இரண்டு வருடத்தில் நான் அங்கே வந்ததில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன். நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

விருப்பமில்லையென்றால் கதவைத் திறக்க வேண்டாம். வந்தது நான்தான் என்பதை மட்டும் இந்த வண்டியின் சத்தம் சொல்லிவிடும்.

இப்படிக்கு,
அன்று இழுத்துவந்தவள்