கடைசி ஆணி

அன்பு மகளே,

மாப்பிள்ளை வழக்கம்போல இந்தக் கடிதத்தையும் முதலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார். அவருக்கும் என் வணக்கம்.

அவர் கேட்ட சவரக்கத்தி முடியப் போகிறது. அலகைக் காகிதம்போல மெல்லிதாகத் தேய்த்துவிட்டேன். நகத்தால் சுண்டினால் பாடுகிறது. பிடிக்கு அளவு கொடுக்க அவர் இங்கே சோலிங்கன் ஊருக்கு, நம் பட்டறைக்கு வந்தபோது விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன் மாமா" என்றார். நீயும் அந்த வாரம்தான் படியில் விழுந்து கன்னம் வீங்கியதாக எழுதியிருந்தாய். என்ன வீடம்மா அது, கதவும் படியும் ஆளை அடிக்குதே!

பிடியில் ஒரு ஆணிதான் பாக்கி. இங்கே கடைசி ஆணியை, கத்தி வாங்குபவரின் மனைவி பக்கத்தில் நின்றால்தான் அடிப்போம், கத்தியையும் அவள் கையில்தான் கொடுப்போம். பக்கத்து ஊர்தான் என்றாலும், கொலோன் நகரத்துக்காரரான அவருக்கு இது புதிதாக இருக்கலாம். நீ பட்டறையிலேயே வளர்ந்தவள், உனக்குத் தெரியாத வழக்கமா?

அதனால் நீதான் வர வேண்டும். அவர் வேலையைக் கெடுத்துக்கொண்டு கூட வர வேண்டாம். குழந்தையைக் கூட்டி வா. அவளுடைய கம்பளிக் கோட்டை மறக்காதே.

அங்கே வெயிலடித்தாலும் இங்கே ஜூன் மாதமும் ரொம்பக் குளிர்.

சுத்தியலைக் கையில் வைத்துக் காத்திருக்கும்,
அப்பா