கோர்ட்டு கலையற வரைக்கும்

சரவணம்பட்டி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் உதய்க்கு அம்மா எழுதறது. கண்ணு, இங்க மிச்சம் இருக்கற நாங்க எல்லாரும் சௌக்கியம், அங்க மஸ்கட்டுல நீ சாப்பாடு தூக்கத்துக்குக் குறையில்லாம இருக்கியான்னு தெரியணும். போன் இருக்கறப்ப அம்மா எதுக்குக் காயிதம் எழுதறான்னு நெனப்பே. போன்ல பேசுனா உங்கய்யன் பக்கத்துலயே உக்காந்துக்குவாரு, அவர வெச்சுக்கிட்டு இதப் பேச முடியாது. உங்கண்ணி சண்முகப்பிரியா இந்தக் காயிதத்தப் போட்டோ எடுத்து அனுப்பறேன்னிருக்கா. பாப்பா நல்லாருக்கா, ஒண்ணாப்புப் போறா, முன்பல்லு ரெண்டும் உழுந்துபோச்சு. சிரிச்சா அப்படியே உங்கண்ணன் தமிழ்ச்செல்வன்தான், பாக்க மாட்டாம மொகத்தத் திருப்பிக்கறேன்.

உங்கண்ணன் சாரம் சரிஞ்சு உழுந்த கேசுல போன வாரம் தீர்ப்பாயிருச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, கட்டட முதலாளிக்குத் தண்டன குடுத்துட்டாங்கன்னு உங்கய்யன் உங்கிட்டச் சொன்னாராம். என்ன தண்டனைன்னு சொன்னாரா? கோர்ட்டு கலையற வரைக்கும் செயிலாம். அபராதமும் போட்டாங்க, அத அங்கயே கட்டிப்போட்டாரு. செயிலுன்னா கம்பி வெச்சதுன்னு நெனச்சுக்காத, கோர்ட்டுக்குள்ளயே ஃபேனுக்கு அடியில ஒரு பெஞ்சு. மத்தியானம் ஊட்டுலிருந்து கேரியர் வந்துது, வராந்தாவுல உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டுப்போட்டு வந்து பெஞ்சுலயே கண்ணசந்தாரு. சாயங்காலம் ஜட்ஜய்யா எந்திரிச்சதும் இவரும் எந்திரிச்சு வேட்டிய ஒதறிக் கட்டிக்கிட்டுக் காரேறிட்டாரு. அவரு அங்க இருந்த அத்தன நேரமும் நானும் எதுத்த பெஞ்சுலதான் கண்ணு உக்காந்திருந்தேன், அப்ப எனக்கும் அதே தண்டனதான? எனக்கு ஒரு வாய்த் தண்ணிகூட எறங்கல.

சூப்பர்வைசர் ரவிதேஜாவுக்குத்தான் நெசமான செயிலு. மேல ஏறறப்ப உழுகாம மாட்டிக்கற பெல்ட்டெல்லாம் வாங்கி வெச்சிருந்தோம், போட வெக்காதது சூப்பர்வைசர் தப்புன்னு முதலாளி வக்கீல் சாதிச்சுட்டாரு. அந்த பெல்ட்டுகளக் கோர்ட்டுல கொண்டாந்து காட்டுனாங்க, அட கருமமே, பிளாஸ்டிக் கவரக்கூடப் பிரிக்கல. ஆபீசருங்க பார்வைக்கு வர்றப்பத் தொங்கவிடவும் போனதும் ரூமுல வெச்சுப் பூட்டவும் வாங்குனது அது. சாவி எப்பவும் முதலாளிகிட்டத்தான் இருந்துதுன்னு ரவிதேஜா அழுதுட்டே சொன்னான், அதுக்குச் சாட்சி எங்க? கூட வேல செஞ்ச வடக்கத்திப் பசங்கள சாரம் சரிஞ்ச மறுவாரமே ரயிலேத்தி அனுப்பிப்போட்டாங்க. ரவிதேஜாவும் யோக்கியனில்ல. சாரம் ஆடுதுன்னு உங்கண்ணன் சொன்னப்ப, இன்னிக்கி ஒரு நாள் சமாளின்னு ஏத்திவிட்டவன் அவந்தான், அவன் மேல எனக்கு எரக்கமில்ல. ஆனா ஏத்தச் சொன்னவரு காருல போறாரே, அதுதான் வயிறு எரியுது.

இதுல உங்கய்யன் பண்ணுன காரியந்தான் இன்னும் பெருசு. கூண்டுல நிக்க வெச்சு அந்த வக்கீல் கேட்டாரு, ஏனுங்க பெரியவரே, பையன் போனப்ப முதலாளி நேர்ல வந்தாருங்களா, காரியத்துக்கு நின்னாருங்களான்னு. அத்தன மருவாதியாக் கேட்டதும் இந்த மனுசனுக்கு மனசு குளுந்துபோச்சு. ஆமாங்க வந்தாருங்க, மால போட்டாருங்க, நல்லாப் பாத்துக்கிட்டாருங்க, அவரு மேல எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிப்போட்டாரு. கோபியில பண்ணையக்காரங்க வாசல்ல நின்னு பழகுன வாயி, எதுக்க வெள்ள வேட்டி நின்னா சரிங்கங்கறதத் தவிர வேற வர்றதில்ல. அதையேதான் ஜட்ஜய்யா தீர்ப்புல படிச்சாரு, செத்தவரோட தகப்பனாருக்கே வருத்தமில்லைங்கறதால தண்டனையக் கொறைக்கறேன்னு. ஊட்டுக்கு வந்து, பெத்த புள்ளையக் குடுத்துட்டு வருத்தமில்லைன்னு சொல்ல எப்படிங்க வாய் வந்துதுன்னு கேட்டேன். மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றதுங்கறாரு. இப்ப மூலையில குத்தவெச்சு அழுகறாரு, அழுது என்ன பிரயோசனம். மேல்கோர்ட்டுக்குப் போலாம்னு சொல்றாங்க, அங்கயும் அவரு சொன்னதுதான முன்னால வந்து நிக்கும்.

இத்தனையும் பொறுத்துக்கிட்டேன் கண்ணு, நேத்து நடந்ததப் பொறுக்க முடியல. முதலாளி நம்மூட்டுக்கே வந்துட்டாரு, சொந்தக்காரங்க ஒறம்பர வர்ற மாதிரி தட்டத்துல ஆப்பிளும் ஆரஞ்சுமா. உங்க சின்னவன் டிப்ளமோ படிச்சுப்போட்டு வெளிநாட்டுல பைப்பு தூக்கறானாமே, வரச் சொல்லுங்க, நம்ம புது சைட்டுல சூப்பர்வைசராப் போட்டுக்கறேன், ஊட்டுச் சோறு சாப்பிட்டுட்டு இருக்கட்டும்னாரு. உங்கய்யன் எந்திரிச்சு நின்னு சரிங்கன்னுட்டாரு. நான் காப்பி போடல. பாப்பா ஆப்பிள எடுக்கப் போனா, வெடுக்குன்னு கையத் தட்டிவிட்டேன், எதுக்கு அடிச்சேன்னு தெரியாம அது தேம்பித் தேம்பி அழுதுது. அப்பறம் எனக்கே மனசு கேக்காம நானே கடைக்குப் போயி வேற ஆப்பிள் வாங்கியாந்து குடுத்தேன்.

ஞாயித்துக்கெழம உங்கய்யன் போன் பண்ணி வந்துருன்னு சொல்லுவாரு. நீ பக்கத்துல இருந்தா எனக்கும் தெம்புதான், இல்லைன்னு சொல்லல. தெனமும் ரெண்டு தட்டம் கூடுதலா எடுத்து வெச்சுப்போட்டுத்தான் ஞாபகம் வருது. ஆனா ரவிதேஜா உள்ள போனதுல காலியான எடம் அது. நாளைக்கி இன்னொருத்தி மகன் உழுந்தா உள்ள போறதுக்கு அவருக்கு ஒரு ஆளு வேணும், அதுக்குத்தான் ஆப்பிளு. மூத்தவன மேல ஏத்தி அனுப்புனோம், சின்னவன அவரு பெஞ்சுல உக்காந்து தயிர்சாதம் சாப்பிடறதுக்காகச் செயிலுக்கு அனுப்பணுமா?

அங்க உனக்கு பெல்ட் கவரப் பிரிச்சுக் குடுக்கறாங்களா? போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துத் தாட்டி விடு, அதப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும். ஆடற சாரத்துல யாரு சொன்னாலும் ஏறாத, யாரையும் ஏத்தாத. வெயில்ல தண்ணி குடி. நீ நல்லாருக்கணும் சாமி, மாரியாத்தா உன்னை நெடுங்காலம் வெச்சிருக்கணும். நான் எழுதுனதா உங்கய்யங்கிட்டச் சொல்லாத. போன் வந்தா மறக்காம முடியாதுங்கன்னு சொல்லு. அந்த ‘ங்க’ வேணும்னாச் சேத்துக்க கண்ணு, ஆனா முடியாதுன்னு சொல்லு. நம்மூட்டுல ஒருத்தராவது அதச் சொல்லிக் கேக்கணும் எனக்கு.

இப்படிக்கு,
தமிழ்ச்செல்வனுக்கும் உனக்கும் அம்மா,
செவ்வந்தி